மூன்று ஜாடிக் கடல்

என் கண்ணுக்கு,

இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்காதே. உட்கார். நீ ஆத்திரக்காரன், பாதியிலேயே கிழித்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவாய். கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். உன் நைனா கடையிலிருந்து இரண்டு தரம் எழுந்து வந்து, "இன்னா அப்டி எழுதற, பக்கம் பக்கமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். "கடல்ல போற புள்ளைக்கு நாலு புத்திமதி" என்றேன். அவர் நம்பவில்லை. முந்தாநாள் ராத்திரியிலிருந்து இந்த வீட்டில் அவரும் நானும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்கும் காரணம் இந்தக் கடிதம்தான்.

சனிக்கிழமை உன் கடிதம் வந்ததும் நைனா அதைக் கடைத்தெரு முழுக்கப் படித்துக் காட்டினார். மல்லாட்டை மண்டிக்காரர், எதிர்க் கடைக்காரர், உப்பு வாங்க வந்த தொண்டூர் பெண்கள் இரண்டு பேர், யாரையும் விடவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து வெளிநாட்டுக் கப்பல் கிளம்புகிறது, ஐந்து மாதம் கடலிலேயே இருந்து ஒளிவிடும் உயிர்களை ஆராயப் போகிறார்கள், அதில் எங்கள் பிள்ளை ஒருத்தன் என்று சொல்லும்போது அவர் குரலே மாறிவிட்டது. எனக்கும் பெருமைதான், இல்லாமல் என்ன. ஆனால் நைனா சத்தமாகப் படிக்காமல் தாண்டிப்போன வரி ஒன்று அதில் இருந்தது. கடலும் வலையும் தெரிந்த நம்ம பக்கத்து ஆள் ஒருவருக்குக் கப்பலில் இன்னும் இடம் காலியாக இருக்கிறது, நம்பகமான ஆள் கிடைக்கவில்லை, முன்னே ஒருத்தனை நம்பிப் பட்டது போதும் என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

கன்னியப்பன் உன்னை ஏமாற்றவில்லை. ஏமாற்றியது நான். சுற்றி வளைத்தால் சொல்லாமலே எழுந்துவிடுவேன் என்பதால் முதலிலேயே எழுதிவிட்டேன். இரண்டு வருஷமாக நான் உன்னிடம் மறைத்தது இதுதான். எப்படி நடந்தது என்பதை இனிமேல் நிதானமாகச் சொல்கிறேன், நீயும் நிதானமாகக் கேள்.

நம் உப்புக் கிடங்கை நீ ஆராய்ச்சிக்குக் கேட்டபோது நைனா சிரித்தார். "மலையும் பாறையுமா கெடக்கிற செஞ்சியில வந்து கடலப் பத்தி இன்னாடா ஆராய்ச்சி?" என்றார். அதற்காகத்தான் செஞ்சி வேண்டும் என்றாய் நீ. மரக்காணத்துக் கடலை விட்டு ஏறத்தாழ நாற்பது மைல் தள்ளி, அலையும் தெரியாமல், வெளிச்சமும் படாமல் அந்த உயிர்களைப் பூட்டி வைத்தால், பொழுது சாய்ந்தது அவற்றுக்குத் தெரியுமா, அந்த நேரத்துக்குத் தானாகவே ஒளிவிடுமா என்று பார்க்க வேண்டும் என்றாய். ஜன்னல் இல்லாத கிடங்கு நம்மிடம் இருந்தது. கடையில் மிட்டாய் போட்டு வைக்கும் கண்ணாடி ஜாடிகளில் மூன்றைக் கழுவி நான்தான் கொடுத்தேன். முதல் தரம் நீயே போய்க் கடல் தண்ணீர் கொண்டுவந்தாய். ஒருநாள் விளக்கு வைக்கிற நேரத்தில் என்னை உள்ளே இழுத்துப்போய்க் கதவைச் சாத்திவிட்டு, ஒரு ஜாடியைக் குலுக்கினாய். என் கை, உன் மூக்கு, பின்னால் இருந்த மூட்டை எல்லாம் நீலமாகத் தெரிந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. "ஊசி முனையளவுகூட இல்லாத உயிரும்மா, ஆயிரக்கணக்கா இருக்குது, அதுங்கதான் எரியுதுங்க" என்றாய்.

நான் தலையை ஆட்டினேன், ஆனால் நம்பவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்று இவ்வளவு வெளிச்சம் கொடுக்கும் என்பதை என் புத்தி ஏற்றுக்கொள்ளவில்லை. கற்கண்டை இருட்டில் உடைத்தால் பளிச்சென்று ஒரு நீலப் பொறி வரும், கடைக்காரி எனக்கு அது தெரியும். கடலிலும் அப்படித்தான், உப்பு ஒன்றோடொன்று உரசி மினுங்குகிறது, இவன் படித்த படிப்பில் அதற்குப் பூச்சி என்று ஒரு பேர் வைத்திருக்கிறான் என்று எனக்கு நானே முடிவு கட்டிக்கொண்டேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். படிக்காதவள் என்று நீ சிரித்துவிடுவாயோ என்ற வீம்பு என்னைத் தடுத்தது. எனக்குத் தெரியாததைக் கேட்க நான் என்றைக்குமே கூச்சப்பட்டிருக்கிறேன், அந்தக் குணம் உன்னிடமும் உண்டு. கப்பலிலாவது அதை விட்டுவிடு.

அந்தப் பங்குனியில் நீ மெட்ராஸில் இருந்தாய். கப்பலுக்கு ஆள் பொறுக்கும் வெள்ளைக்காரரையும் உங்கள் புரபசரையும் அழைத்துக்கொண்டு வந்து காட்டப்போவதாகச் சொல்லியிருந்தாய். அதற்குப் புதுத் தண்ணீர் வேண்டுமென்று, மரக்காணத்தில் கட்டுமரத்தில் மீன்பிடிக்கப் போகும் கன்னியப்பனிடம் ஜாடிகளைக் கொடுத்து அனுப்பியிருந்தாய். அவரும் மூன்று நாள் முன்னதாகவே பஸ்ஸில் மடிமேல் வைத்துக் கொண்டுவந்து கிடங்கில் வைத்தார். வாயில் மெல்லிய துணி போட்டு, வலை பின்னுகிறவர்கள் போடும் முடிச்சாகப் போட்டுக் கட்டியிருந்தார். "கலக்கிப் பாத்துதான் மொண்டேம்மா, தண்ணி பத்திக்கினு எரிஞ்சிது. யாரும் தொறக்காம பாத்துக்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். இப்படித் தண்ணீர் கொண்டுவரும் வேலை நிலைத்தால் கட்டுமரத்தை அண்ணன் மகனிடம் விட்டுவிட்டு, மாதா மாதம் சம்பளம் வாங்கும் ஆளாகிவிடலாம் என்று அவருக்கு எவ்வளவோ ஆசை. உங்கள் புரபசர் அந்த வேலையைத் தருவதாக வாயால் சொல்லியும் இருந்தார்.

நீங்கள் வருவதாக இருந்த அன்று மத்தியானம் வல்லத்திலிருந்து சாவுச் சேதி வந்தது. பங்காளி வீட்டுச் சாவு. நைனா கிளம்பிப் போய்விட்டார். தீட்டு வந்தால் பிடித்து வைத்த தண்ணீர் ஒரு சொட்டுகூட வீட்டில் இருக்கக்கூடாது என்பது நம் வீட்டு வழக்கம், உனக்குத் தெரியும். அண்டா, தவலை, குடம் எல்லாவற்றையும் கவிழ்த்தேன். கிடங்கு வாசலில் வந்து நின்றேன். அந்த மூன்று ஜாடியும் பிடித்து வைத்த தண்ணீர்தானே என்று தோன்றியது. மறந்துபோய்க் கொட்டினேன் என்று எழுதினால் எனக்குச் சுலபம். அப்படி இல்லை, யோசித்துத்தான் கொட்டினேன். கடல்மேல் போகப்போகிற பிள்ளை தீட்டுத் தண்ணியை வைத்துக்கொண்டு காரியம் தொடங்கினால் ஏதாவது ஆகிவிடும் என்று பயந்தேன். நீ சொன்னால் கேட்கமாட்டாய், அதனால் உனக்குத் தெரியாமல் செய்துவிடுவது என்று துணிந்தேன். மூன்றையும் கொல்லையில் கொட்டினேன். நல்ல வெயில், ஒரு மினுக்கல்கூட இல்லை.

அப்புறம் கிணற்றுத் தண்ணீர் இறைத்து, நம் மூட்டையிலிருந்து மரக்காணத்து உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கினேன். மாசி மகத்துக்குக் கடலில் முழுகியபோது வாய்க்குள் போன தண்ணீரின் ருசி நாக்கில் நினைவிருந்தது. அந்த ருசி வரும்வரை விரலைத் தொட்டு வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் தூக்கலாகப் போய்விட்டது, இன்னொரு செம்பு தண்ணீர் விட்டேன். துணியில் வடிகட்டி, தெளிய வைத்து ஊற்றினேன். உப்பும் அதே கடலின் உப்பு, ருசியும் அதே ருசி, இனி என்ன குறை என்று எனக்கு ஒரே திருப்தி. அவ்வளவு கெட்டிக்காரி உன் அம்மா.

நாலரை மணிக்குக் கன்னியப்பன் வந்தார். புரபசரைப் பார்க்க வேண்டுமென்று வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவியிருந்தார். அவரைப் பார்த்ததும்தான் எனக்கு முதல்முதலாகச் சந்தேகம் வந்தது. கிடங்குக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு ஜாடியைக் குலுக்கினேன். இருட்டாகவே இருந்தது. இன்னும் வேகமாகக் குலுக்கினேன். பொழுது சாயவில்லை, அதனால்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு வெளியே வந்தேன். ஆறு மணிக்கு ஜீப் சத்தம் கேட்டபோது மறுபடியும் போய்க் குலுக்கினேன். ஒன்றும் இல்லை. அப்போதே வாசலுக்கு ஓடிவந்து, "டேய், தீட்டுன்னு நான் கொட்டிட்டேன்டா" என்று உன்னிடம் சொல்லியிருந்தால் அந்த வெள்ளைக்காரர்கூடச் சிரித்துவிட்டுப் போயிருப்பார். நான் ஜாடியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்றேன்.

மீதி உனக்கே தெரியும், ஆனால் நான் நின்ற இடத்திலிருந்து நீ அதைப் பார்க்கவில்லை. நீங்கள் மூன்று பேரும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினீர்கள். கன்னியப்பன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே காத்திருந்தார். உள்ளே ஜாடி குலுங்கும் சத்தம் கேட்டது. மறுபடி குலுங்கியது. பிறகு கதவு திறந்து லாந்தர் கேட்டீர்கள். புரபசர் தன் பூதக்கண்ணாடிக் கருவியை மூட்டைமேல் வைத்து ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். "இதுல உயிரும் இல்ல, செத்த உடம்பும் இல்ல. வெறும் உப்புத் தண்ணி" என்றார். உன் முகம் செத்துப்போனதை நான் பார்த்தேன். அடுத்த நிமிஷம் அது அத்தனையும் கோபமாகி வெளியே வந்தது.

"கடலுக்கே போவலடா நீ! உப்பளத்து வாய்க்கால்ல மொண்டுக்கினு வந்து என்ன ஏமாத்திட்ட" என்று கடைத்தெருவே கேட்கக் கத்தினாய். உன்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர், அவரை 'டா' போட்டாய். "இல்ல சார், என் புள்ளைங்க மேல ஆணையா பாத்துட்டுதான் எடுத்தேன்" என்று அவர் உள்ளே வந்து ஜாடியைத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். துணியில் இருந்தது அவர் போட்ட முடிச்சு இல்லை. பொட்டலம் கட்டுகிற கை எனக்கு, நம் கடை முடிச்சாகப் போட்டிருந்தேன். அவர் அந்த முடிச்சைத் தடவிப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் ஜாடியைக் கீழே வைத்துவிட்டு, "சரி சார், என் தப்புதான்னு வெச்சிக்க" என்று சொல்லிவிட்டு நடந்து போய்விட்டார்.

நீ அதைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டாய். உங்கள் அலுவலகத்துக்கும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டாய். அவருக்கு வேலை இல்லை என்று ஆனது. உன்மேல் தவறு இல்லை, தண்ணீர் கொண்டுவந்த ஆள்மேல்தான் தவறு என்று புரபசர் உனக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார். இன்றைக்குக் கப்பலில் உனக்கு இடம் கிடைத்திருப்பது அந்த வாய்ப்பினால். நீ கஷ்டப்பட்டு உழைத்தாய், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த மனுஷனுடைய பேர் கெட்டதன்மேல்தான் நீ நின்றுகொண்டிருக்கிறாய். குப்பத்தில் அவரைப் பார்த்தால், "இன்னா கன்னியப்பா, இன்னிக்கு வாய்க்கால்லயா வலை?" என்று கேட்டுச் சிரிக்கிறார்களாம். நம் உப்பு லாரி டிரைவர் அதைத் தமாஷாகச் சொன்னபோது நான் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

உன்னைக் குறை சொல்லத்தான் எழுதுகிறேன் என்று நினைக்காதே. ஆராயாமல் அடுத்தவன்மேல் பாய்கிற வித்தையை உனக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான். உனக்கு ஏழு வயதிருக்கும்போது பிளேடால் உப்பு மூட்டையைக் கிழித்துவிட்டாய். பாதி மூட்டை மழைத் தண்ணீரில் கரைந்தது. நீ கிழித்ததை என் கண்ணால் பார்த்தேன். ஆனாலும் நைனா வந்து கேட்டபோது மூட்டை தூக்கும் ஆள்மேல் சாட்டி, அவனை அத்தனை பேர் முன்னால் வாய்க்கு வந்தபடி பேசினேன். நீ என் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்று எல்லாவற்றையும் பார்த்தாய். நம் வீட்டில் எது கெட்டாலும் தவறு வெளியாள்மேல்தான் போகும் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டாய் போலிருக்கிறது. என்னால் வந்த வினை என்று நினைத்துப் பல ராத்திரி அழுதிருக்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்றே நைனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து போய்க் கடைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு, "சொன்னது சொன்ன, என்னோட நிக்கட்டும். அவனுக்கு எழுதாத. கப்பல் போவட்டும், திரும்பி வந்தப்புறம் பாத்துக்கலாம்" என்றார். "அப்ப கன்னியப்பன்?" என்றேன். "பொய்யா எழுதிக் கையெழுத்துப் போட்டவன்னு உன் புள்ளைய எறக்கி உட்டுட்டாங்கன்னா உனக்கு சந்தோசமா?" என்று கத்தினார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நீ உண்மையைச் சொன்னால் உன் இடம் போனாலும் போகலாம். ஆனால் நீ திரும்பி வந்த பிறகு சொன்னால் அது யாருக்கு உதவும்? அந்தக் காலி இடத்தில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நைனாவிடம் சொல்லாமல் திண்டிவனம் போய் பஸ் மாறி மரக்காணம் போனேன். கன்னியப்பன் மணலில் உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை அவர் நிமிரவே இல்லை. "முடிச்சப் பாத்தப்பவே தெரிஞ்சிதும்மா" என்றார். "அப்புறம் ஏன்யா சொல்லல?" என்றேன். "சொன்னா நம்புவாரா உம் புள்ள? பெத்த தாய் மேல பழி போடறான்னு இன்னும் ரெண்டு குடுத்திருப்பாரு. நீயே சொல்லுவன்னு நெனச்சேன். ஒரு நாள், ரெண்டு நாள் பாத்தேன். அப்புறம் உட்டுட்டேன்." அவர் சம்சாரம் அவ்வளவு பொறுமைக்காரி இல்லை. "ரெண்டு வருசமா எங்கம்மா போயிருந்த? இப்ப உம் புள்ளைக்கு ஆளு கெடைக்கலன்னதும் வழி தெரிஞ்சிதா?" என்று கேட்டாள். அவள் காலில் விழப்போனேன். "அதெல்லாம் வேணாம்" என்று கையை உதறிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கப்பலில் இடம் இருக்கிறது என்று சொன்னேன். கன்னியப்பன் வலையை மடித்து ஓரமாக வைத்தார். "எனக்குப் போவணும்னு ஆசதான். ஆனா தெருவுல வெச்சித் திட்டினாரு, காயிதத்துல எழுதினாரு. அத அவரு வாயால, அந்தப் பெரிய சாரு எதிர்ல சொல்லணும். சொல்லலன்னா எனக்குக் கட்டுமரம் இருக்குது" என்றார். நான் சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். உன்னைக் கேட்காமல் உனக்காகச் சம்மதித்தது தவறுதான். என் தவறுகளில் இதையும் ஒன்றாக எழுதிக்கொள்.

இதுவரை எழுதியது திங்கட்கிழமை. இந்தக் கடைசிப் பக்கத்தைச் செவ்வாய்க்கிழமை காலையில், கன்னியப்பன் என் எதிரே உட்கார்ந்திருக்க எழுதுகிறேன். நான் வரச் சொன்னபடி முதல் பஸ்ஸுக்கே வந்துவிட்டார். மேலே இருக்கிறதை ஒரு வரி விடாமல் அவருக்கும் நைனாவுக்கும் சேர்த்து வாசித்துக் காட்டினேன். நைனா எழுந்து போகவில்லை, அதுவே பெரிசு. "என் பேரு கெட்டது எழுதியிருக்கியே, குப்பத்துல சிரிக்கிறது, அத மட்டும் அடிச்சிடும்மா" என்று கன்னியப்பன் கேட்டார். நான் அடிக்கவில்லை. அதை நீ படிக்கத்தான் வேண்டும்.

தபாலில் போட்டால் உன் கைக்கு வருமுன் கப்பல் போய்விடுமோ என்று பயந்தேன். அதைவிட, நீ படித்துவிட்டு மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு கப்பல் ஏறிவிடுவாயோ என்றும் பயந்தேன். பெற்றவள் உன்னை நம்பவில்லை என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும். உண்மையைச் சொல்ல ஐந்து நிமிஷம் போதும் என்றிருந்தபோது நான் இரண்டு வருஷம் எடுத்துக்கொண்டேன், அதனால் யாரையும் அவகாசம் கொடுத்து நம்ப எனக்கு இப்போது தைரியம் இல்லை. உன் இடம் போனால் வீட்டுக்கு வா, சோறு போடுகிறேன், உன்னோடு சேர்ந்து அழுகிறேன். கப்பலில் போனால் நல்லபடியாகப் போய்வா.

இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுத்துவிட்டு, "படிங்க சார்" என்று வெளியே போய் நிற்கிறாரே கன்னியப்பன், அவரை எத்தனை நேரம் நிற்க வைப்பாய்? எழுந்து போ.

அம்மா